மணி என்ன? யார் சொன்ன மணி?



மணி என்ன என்று கேட்டால் யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். சுவரில் கடிகாரம் தொங்குகிறது. கையில் செல்போன் இருக்கிறது. அது பத்து என்றால் பத்து. ஆனால் அந்தப் பத்து மணியைச் சொன்னது யார்? சூரியனா, சர்க்காரா? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. செலவு ஒன்றும் இல்லை. வீட்டு முற்றத்தில் நேரான குச்சி ஒன்றை நட்டு வையுங்கள். காலையில் அதன் நிழல் மேற்குப் பக்கம் நீளமாக விழும். வெயில் ஏற ஏற நிழல் குறுகும். பிறகு கிழக்குப் பக்கம் நீள ஆரம்பிக்கும். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் அந்த நொடிதான் உச்சிப்பொழுது. அப்போது ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக 12 காட்டுமா? பெரும்பாலும் காட்டாது. ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், சென்னையில் 12 மணி 9 நிமிடம் காட்டும். மும்பையில் 12 மணி 39 நிமிடம். கொல்கத்தாவில் 11 மணி 37 நிமிடம். அசாமில் திப்ருகர் என்று ஓர் ஊர். அங்கே 11 மணி 10 நிமிடத்துக்கே சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.

கடிகாரத்தில் கோளாறு இல்லை. சூரியனிலும் கோளாறு இல்லை. பின் ஏன் இப்படி?

பூமி உருண்டை. அது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. ஆகவே கிழக்கே இருக்கும் ஊருக்கு முதலில் விடியும். மேற்கே இருக்கும் ஊருக்குப் பிறகு விடியும். உருண்டையைச் சுற்றி 360 பங்கு என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஒரு டிகிரி என்று பெயர். 360 டிகிரி சுழல 24 மணி நேரம். அப்படியானால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு? கணக்குப் போடுங்கள். 4 நிமிடம் வரும். குஜராத்தின் மேற்கு ஓரமான கட்ச் பகுதிக்கும் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்துக்கும் நடுவே சுமார் 29 டிகிரி. 29-ஐ 4-ஆல் பெருக்கினால் 116. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஒரே நாடு, ஒரே கடிகாரம். ஆனால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சூரியன் இரண்டு மணி நேரம் வித்தியாசமாக வருகிறது.

பழைய காலத்தில் இது யாருக்கும் தொல்லையாக இல்லை. அப்போது நாழிகைக் கணக்கு. சூரிய உதயம் முதல் அடுத்த சூரிய உதயம் வரை ஒரு நாள். அதில் 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அடியில் சின்ன ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். தண்ணீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. அதற்கு நாழிகை வட்டில் என்று பெயர். ஒவ்வோர் ஊருக்கும் அதன் தலைக்கு மேலே நிற்கும் சூரியன்தான் கணக்கு. மாட்டு வண்டியில் போகிறவருக்கு அடுத்த ஊர் நேரம் அரை நிமிடம் வேறாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

அந்தச் சூரியக் கணக்கை இன்றும் கண்ணால் பார்க்க ஜெய்ப்பூருக்குப் போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் சவாய் ஜெய்சிங் மன்னர் அங்கே ஜந்தர் மந்தர் என்ற வான ஆராய்ச்சிக் கூடத்தைக் கட்டினார். அதில் சம்ராட் யந்திரம் என்று ஒரு நிழல் கடிகாரம். உயரம் 27 மீட்டர். அதன் நிழல் நகர்வதை நின்று பார்க்கலாம். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர் நகர்கிறது. பார்க்க வருகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்து, நிழல் தப்பு என்கிறார்கள். தப்பே இல்லை. அது ஜெய்ப்பூர் நேரத்தைக் காட்டுகிறது. கைக்கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் சராசரியாக 27 நிமிட வித்தியாசம் உண்டு.

சராசரி என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது? சூரியனும் கடிகாரம் மாதிரி ஒரே சீராக நடப்பதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல. சற்று நீள்வட்டம். சூரியனுக்குக் கிட்டே வரும்போது வேகமாகவும், தள்ளிப் போகும்போது மெதுவாகவும் ஓடுகிறது. பூமி சாய்ந்து சுழல்வதும் ஒரு காரணம். அதனால் நவம்பர் தொடக்கத்தில் உச்சிப்பொழுது சராசரியைவிட 16 நிமிடம் முந்திவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்திவிடுகிறது. குச்சி நட்டுப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரயிலுக்கு வருவோம். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாயிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பிறகு தண்டவாளம் நாடெங்கும் நீண்டது. அப்போதுதான் சிக்கல் வந்தது. ரயில் பத்து மணிக்குப் புறப்படும் என்றால் எந்த ஊர்ப் பத்து மணி? ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வருகிறது. இரண்டு டிரைவர்களும் வேறு வேறு நேரம் வைத்திருந்தால் உயிர் போய்விடும்.

அதற்காக 1870-க்குப் பிறகு ரயில்வே முழுவதற்கும் ஒரே நேரத்தை வைத்தார்கள். அது மதராஸ் நேரம்! ஏன் மதராஸ்? பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மதராஸ் நேரம் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. பம்பாயைவிட 30 நிமிடம் முன்னால், கல்கத்தாவைவிட 32 நிமிடம் பின்னால். இன்னொரு காரணம், மதராஸில் 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து நேரத்தைத் திருத்தமாகக் கணித்தார்கள். அதைத் தந்தி மூலம் ஸ்டேஷன்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் சென்னை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது.

ரயிலுக்கு மதராஸ் நேரம் என்பதைப் பம்பாய்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஊருக்கே அதுதான் நேரம் என்று 1881-இல் பம்பாய் கவர்னர் உத்தரவு போட்டபோது பொறுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சூரியனை விட்டுவிட்டு மதராஸ் சூரியனைப் பார்த்து எழுந்திருக்க வேண்டுமா என்று எதிர்த்தார்கள். இரண்டே ஆண்டில் உத்தரவு வாபஸ் ஆனது.

இதற்கிடையே உலகத்துக்கே ஒரு பொதுக்கணக்கு வந்தது. 1884-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பல நாட்டுக்காரர்கள் கூடினார்கள். லண்டனில் உள்ள கிரீனிச் என்ற இடத்தைச் சுழியாக வைத்து, அங்கிருந்து டிகிரிகளை எண்ணுவது என்று முடிவு செய்தார்கள். அதன்படி 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நேரம் பிறந்தது. கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூருக்குப் பக்கமாக, எண்பத்திரண்டரை டிகிரிக் கோட்டில் நிற்கும் சூரியன்தான் அதற்கு அடையாளம்.

முழு மணியாக இல்லாமல் அது என்ன அரை மணி? ஐந்து என்று வைத்தால் கிழக்கே இருப்பவர்களுக்குக் கஷ்டம். ஆறு என்று வைத்தால் மேற்கே இருப்பவர்களுக்குக் கஷ்டம். நடுவில் வைத்தார்கள். நேபாளம் இன்னும் ஒரு படி மேலே போய், ஐந்தே முக்கால் என்று வைத்திருக்கிறது! இந்த அரை மணியால் ஒரு விளையாட்டும் உண்டு. முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய கிரீனிச் நேரம் தெரியும். இங்கே காலை 8 மணி என்றால், தலைகீழாகப் பார்க்கும்போது இரண்டரை. அங்கே அப்போது அதிகாலை இரண்டரைதான்.

பேச்சு விளையாட்டாகப் போகிறது. ஆனால் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு இது விளையாட்டாக இல்லை. புது நேரம் வந்ததும் கடிகாரத்தை 39 நிமிடம் முன்னே தள்ளினார்கள். ஆலைச் சங்கு அதே மணிக்குத்தான் ஊதியது. ஆனால் சூரியக் கணக்கில் 39 நிமிடம் முன்னதாகவே ஊதியது. விடியும் முன்னே எழுந்து, சமைத்து, குழந்தைகளை விட்டுவிட்டு ஓட வேண்டும். அந்த 39 நிமிடம் யாருடைய தூக்கத்திலிருந்து போகும் என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஜனவரி முதல் வாரத்திலேயே ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கல்லெறியும் நடந்தது. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்கள். ஆனால் கடிகாரத்தின் அரசியலை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பம்பாய் நகரசபையும் பழைய நேரத்தை விடவில்லை. அதே ஊரில் ரயிலுக்கு ஒரு நேரம், நகரசபைக்கு ஒரு நேரம். பத்து மணிக்கு வாருங்கள் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பத்து மணி என்று கேட்க வேண்டிய நிலை. 1950-களில்தான் அது ஒழிந்தது. கல்கத்தா 1948-இல் தன் சொந்த நேரத்தை விட்டது. நடுவே இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். உங்கள் ஊரில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நினைவு இருக்கலாம்.

இன்று இந்த நேரத்தைக் காப்பது சூரியன் அல்ல. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. சீசியம் என்ற உலோகத்தின் அணு மிக மிக ஒழுங்காகத் துடிக்கிறது. அது 919 கோடிக்கு மேல் துடித்தால் ஒரு நொடி என்று 1967-இல் உலக அளவில் முடிவானது. ஆனால் பூமி அவ்வளவு ஒழுங்காகச் சுழல்வதில்லை. சில சமயம் கொஞ்சம் சுணங்கும். அதற்காக 1972 முதல் இதுவரை 27 முறை உலகக் கடிகாரத்தில் ஒரு நொடியைக் கூட்டியிருக்கிறார்கள். கடைசியாகக் கூட்டியது 2017 ஜனவரி 1-ஆம் தேதி. கிரீனிச் நள்ளிரவு இங்கே காலை ஐந்தரை. ஆகவே அன்று காலை ஐந்தரை மணி ஒரு நொடி தாமதமாக வந்தது. கம்ப்யூட்டர்களுக்கு இது பெருந்தொல்லை. அதனால் 2035-க்குள் இந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்று 2022-இல் உலக நாடுகள் முடிவு செய்திருக்கின்றன.

ஒரு நொடிக்கு இவ்வளவு பாடுபடுகிறார்கள். ஒரு மணி நேரத்தை இழக்கிறவர்களின் கதையை இனிக் கேளுங்கள்.

அசாம். திப்ருகரில் ஜூன் மாதம் காலை நாலே காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஆபீஸ் எப்போது திறக்கும்? பத்து மணிக்கு. அதற்குள் சூரியன் வந்து ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நல்ல வெளிச்சம் வீணாகப் போகிறது. டிசம்பரில் இன்னும் மோசம். மாலை நாலு இருபதுக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு. பெண்கள் இருட்டில்தான் வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகள் விளையாட வெளிச்சம் கிடையாது. ஆபீஸிலும் கடையிலும் வேலை நேரத்திலேயே விளக்கைப் போட வேண்டும். அதே டிசம்பரில் குஜராத்தின் துவாரகையில் மாலை ஆறே காலுக்குத்தான் சூரியன் மறைகிறது.

அசாமின் தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரர் காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டன. தோட்டத்துக் கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொண்டார்கள். அதற்கு பாகான் நேரம் என்று பெயர். பாகான் என்றால் தோட்டம். ஊரில் காலை 7 மணி என்றால் தோட்டத்தில் 8 மணி. வெளிச்சம் இருக்கும்போதே இலை பறித்து, எடை போட்டு, வேலையை முடித்துவிடலாம். இந்த வழக்கம் இன்றும் பல தோட்டங்களில் இருக்கிறது.

தோட்ட முதலாளிகள் தொழிலாளியின் தூக்கத்தை நினைத்து இதைச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளிச்சம் இருந்தால் இலை அதிகம் சேரும். அதுதான் கணக்கு. ஆனாலும் இருட்டும் முன்னே வீட்டுக்குப் போக முடிகிறது என்பது பறிக்கிற பெண்ணுக்கு லாபம்தான். பம்பாயில் கடிகாரத்தை முன்னே தள்ளியது தொழிலாளிக்குப் பாதகம். அசாமில் முன்னே தள்ளியது சாதகம். கடிகாரம் ஒன்றுதான், சூரியன் நிற்கும் இடம் வேறு.

ஆனால் தோட்டத்துப் பெண் மனதில் இரண்டு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் பாகான் நேரம். பாங்குக்கும் ரயிலுக்கும் இந்திய நேரம். தோட்டத்தில் பதினொரு மணி என்றால் பாங்கில் பத்துதான்.

இன்னொரு வேடிக்கை. திரிபுராவின் தலைநகர் அகர்தலா. அதை ஒட்டினாற்போல் மேற்கே வங்கதேச எல்லை. மேற்கே போகப் போக நேரம் குறைய வேண்டும் அல்லவா? அங்கே எல்லையைத் தாண்டி மேற்கே ஓர் அடி வைத்தால் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே போகிறது. வங்கதேசம் கிரீனிச்சுக்கு ஆறு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறது. முதலில் விடிவது அகர்தலாவில். முதலில் மணி அடிப்பது அந்தப் பக்கத்தில்.

வடகிழக்கு மாநில மக்கள் வெகுகாலமாகத் தனி நேரம் கேட்கிறார்கள். 2014 ஜனவரியில் அசாம் முதலமைச்சராக இருந்த தருண் கோகோய், பாகான் நேரத்தை மாநிலத்துக்கே வைக்க வேண்டும் என்றார். 2017-இல் அருணாசல முதலமைச்சர் பெமா காண்டுவும் கேட்டார். அதே ஆண்டு குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தள்ளுபடி ஆனது. 2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகளே ஒரு திட்டம் சொன்னார்கள். அசாமும் மேற்கு வங்கமும் சந்திக்கும் எல்லையில் கோடு போடலாம். கோட்டுக்குக் கிழக்கே ஒரு மணி நேரம் முன்னால் வைக்கலாம். ஆண்டுக்கு இரண்டு கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்றார்கள்.

மறுப்பவர்களும் சும்மா மறுக்கவில்லை. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு ரயிலிலும் கடிகாரத்தை மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் ஆபத்து. பழைய பத்து மணிச் சிக்கல் திரும்பி வரும். ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம் என்றால் மனங்களும் இரண்டாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இந்தப் பயம் கொஞ்சம் மிகை. ரஷ்யா பதினொரு நேரங்களை வைத்துக்கொண்டு ஒரே நாடாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயில் பற்றிய பயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

இரண்டும் வேண்டாம், நாடு முழுவதுமே அரை மணி நேரம் முன்னே தள்ளிவிடலாம் என்று பெங்களூர் ஆய்வாளர்கள் சிலர் ஒரு வழி சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துவாரகையில் டிசம்பர் மாதம் இப்போதே காலை ஏழரைக்குத்தான் விடிகிறது. அரை மணி தள்ளினால் எட்டு மணி ஆகிவிடும். அங்கே பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டும். கிழக்கில் இருட்டைக் குறைத்தால் மேற்கில் ஏறுகிறது.

மத்திய அரசு இதுவரை எதையும் மாற்றவில்லை. குஜராத்துக்கும் அருணாசலத்துக்கும் ஒரே மணிதான். தேயிலைத் தோட்டங்களில் மட்டும், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், எட்டு மணி இன்னும் ஏழு மணிக்கே அடித்துக்கொண்டிருக்கிறது.